படத்தில் நின்ற கார்

வீட்டுப் பிளான் கீறும் அந்த மென்பொருளில் உலகத்துச் சாமான் எல்லாம் இருந்தது. ஸஃப்னாவின் வாப்பா ஹயாத்து முகம்மதுவின் வளவுக்கு வேண்டியது மட்டும்தான் இருக்கவில்லை.

பனி விழும் நாட்டு வீடுகளுக்கான கணப்பு அடுப்பு ஏழு வகை இருந்தது. பியானோ இருந்தது. நாய்க்கு ஒரு வீடும், அந்த வீட்டுக்குள் நாய்க்கு ஒரு கட்டிலும் இருந்தன. ஆனால் கிணறு கிடையாது, தென்னை கிடையாது, தொழுகைக்கு முன் வுழூச் செய்யக் குந்தியிருக்கும் கல் கிடையாது. கிணற்றுக்காக ஸஃப்னா ஒரு வட்டச் சாப்பாட்டு மேசையை இழுத்து வந்து, அதைச் சுற்றியிருந்த ஆறு கதிரைகளையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, மேசையை வளவின் பின்மூலையில் வைத்தாள். தென்னை நின்ற இடங்களில் ஊசியிலை மரங்களை நட்டாள். தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு பெரிய பூச்சாடி போதுமாக இருந்தது.

வாப்பாவின் லாண்ட்மாஸ்டருக்குத்தான் ஈடாக ஒன்றும் அகப்படவில்லை. முன்னால் இரண்டு சக்கரமும் நீண்ட கைப்பிடியும், பின்னால் கொழுவிய பெட்டியுமாக மாம்புரித் தோட்டங்களில் ஓடித் திரியும் அந்த உழவு இயந்திரத்தை மென்பொருள் செய்தவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். வாப்பா வெங்காயம் ஏற்றுவதும் அதில்தான். உம்மாவுக்கு மூச்சு இழுத்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அதில்தான்.

"முன்பக்கம் அதுக்குக் கூரைய நீட்டி ஒரு இறக்கம் வேணும் மகள்," என்று வாப்பா சொல்லியிருந்தார். "மழையில நனைஞ்சு நனைஞ்சு அதுக்கு என்னை விட மூட்டு வலி."

ஸஃப்னா பெட்டியோடு சேர்த்து அதை அளந்தாள். பதினான்கடி. மென்பொருளின் வாகனப் பட்டியலில் கிட்டத்தட்ட அதே நீளத்தில் ஒரு கார் இருந்தது. அதை இழுத்து இறக்கத்தின் கீழே விட்டாள். கார் கச்சிதமாகப் பொருந்தி நின்றது. சிவப்பு அவள் தெரிந்தெடுத்த நிறமல்ல. அது அந்த நிறத்தில்தான் வந்தது.

இப்படிச் சாமான் வைத்துக் காட்டுவது அவள் தொழிலில் கண்டுபிடித்த வழி. புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஹுனைஸ் வைத்திருந்த பிளான் கீறும் கடையில் அவளுக்கு இரண்டு வருட வேலை. அவள் கீறுவாள், ஹுனைஸ் கையெழுத்து வைப்பார், பிரதேச சபை முத்திரை குத்தும். அந்த இரண்டு வருடத்தில் அவள் படித்துக்கொண்டது ஒன்றுதான்: இலக்கம் யாருக்கும் விளங்குவதில்லை. அறை பத்துக்குப் பன்னிரண்டு என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சுவர் எழும்பிய பிறகு மேசன் பாஸோடு சண்டைக்குப் போவார்கள். அதே அறைக்குள் ஒரு கட்டிலைப் போட்டுக் காட்டினால், "அப்ப அலுமாரிய எங்க வைக்கிற?" என்று அந்த இடத்திலேயே கேட்பார்கள். ஆகவே அவள் கீறிய பிளான்களில் கட்டில் இருந்தது, மேசை இருந்தது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்ற வளைகோடு இருந்தது. மலசலகூடத்தின் கோப்பை தொழும் திசையான கிப்லாவுக்கு முகமும் காட்டாமல் முதுகும் காட்டாமல் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஸஃப்னா கீறிய பிளானைப் பார்த்துக் கட்டிய வீட்டில் சண்டை வருவதில்லை என்று நுரைச்சோலை வரைக்கும் கதை இருந்தது. அந்தக் கதை அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்போது அவள் கீறியது சொந்த வீடு. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பக்கமிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் அது. இருபத்து நான்கு வருடமாகக் கிடுகு வேய்ந்த கொட்டிலில் இருந்தது. மூத்த மகள் றைஸா, ஸஃப்னாவின் ராத்தா, நாலு வயதில் அதற்குள் வந்தவள். ஸஃப்னா அதற்குள்தான் பிறந்தாள். வாப்பா குத்தகைக் காணியில் வெங்காயமும் மிளகாயும் போட்டு, கொட்டில் நின்ற இருபது பேர்ச் நிலத்தையே வாங்கி, கல்லும் சீமெந்தும் சேர்த்து, இந்த வருடம்தான் வீடு என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னார்.

அந்த வீடு றைஸாவுக்கு. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் பேசுவது. அதைச் சீதனம் என்று யாரும் சொல்வதில்லை. பெண் என்றால் வீடு, அவ்வளவுதான். வீட்டை மகளின் பெயருக்கு எழுதிய பிறகு பெற்றோர் அதில் எங்கே இருப்பது என்பதைத்தான் பிளான் சொல்ல வேண்டும். அதற்காக ஸஃப்னா குசினிக்குப் பின்னால் ஒரு அறை போட்டிருந்தாள். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அவளுக்குமாக, பத்துக்குப் பதினான்கு, வெளியே தனிக்கதவு. மருமகன் ஹோலில் இருக்கும்போது மாமியார் நினைத்தபடி போய்வர வேண்டாமா?

உம்மா ஷம்லா பள்ளிக்கூடம் போகாதவள். கோடுகள் அவளுக்குக் கோடுகள்தான். ஒருநாள் ஸஃப்னா லாப்டொப்பை அவள் மடியில் வைத்து, வீட்டை எழுப்பி, மௌஸால் மெல்லச் சுற்றிக் காட்டினாள். முன்பக்கம் போனது, குசினி போனது, பின்னறை வந்தது.

"இது உங்கட அறை உம்மா."

ஷம்லா திரையை விரலால் தொட்டாள். "கல்லுச் சுவரா?"

"கல்லுத்தான்."

"ஆணி அடிச்சா நிக்குமா?"

"நிக்கும். எத்தனை வேணும் எண்டாலும் அடிங்க."

"ஒண்டு போதும்," என்றாள் ஷம்லா. என்ன கொழுவப் போகிறாள் என்று சொல்லவில்லை.

றைஸாவுக்கு இருபத்து எட்டாகியிருந்தது. மூன்று பேச்சு வந்து மூன்றும் முறிந்திருந்தன. முதலாவதில் பெண் கறுப்பு என்றார்கள். மற்ற இரண்டிலும் வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 'அகதி ஆக்கள்' என்ற சொல் கற்பிட்டியிலிருந்து மாம்புரிக்கு நடந்தே வந்து சேர்ந்துவிட்டது. நான்காவதாக வந்தவன் முபாரிஸ். கற்பிட்டியில் தலைமுறையாகத் தென்னந்தோட்டம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை, அனல்மின் நிலையத்தில் தொழில்நுட்ப வேலை. றைஸாவை யாரோ ஒருவரின் கலியாணத்தில் கண்டு, தானாகக் கேட்டு வந்தவன்.

பெண் பார்க்க வந்த அன்று, அஸர் தொழுகைக்குப் பிறகு, அவனுடைய உம்மா ரம்ஸியா மாமி பாயில் நன்றாகச் சாய்ந்திருந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"மாப்பிள்ளைக் காசு, கைக்கூலி எண்டு ஒரு சதம் எங்களுக்கு வேணாம். எங்கட புள்ள அதில உறுதி. பள்ளிவாசல்லயும் சொல்லியிரிக்கான். ஹறாமான காசு எங்கட வாசல்ல ஏறாது."

ஹயாத்து முகம்மதுவின் கண் கலங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "வீடு கட்டுறம். இன்ஷா அல்லாஹ், அது உங்கட மருமகளுக்குத்தான்."

"அது நீங்க உங்கட மகளுக்குச் செய்றது. நாங்க அதில கதைக்க மாட்டம்," என்ற மாமி, உடனேயே, "பிளான் இரிக்கா?" என்று கேட்டாள்.

ஸஃப்னா பெரிய தாளை விரித்தாள். ஒவ்வொரு சுவருக்கும் நீளம், ஒவ்வொரு ஜன்னலுக்கும் அகலம், அத்திவாரத்தின் ஆழம் என்று எதையும் விடாமல் கீறிய தாள். மாமி அதைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மாஷா அல்லாஹ்," என்று மரியாதைக்குச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அதன் அடியில் இருந்த கலர்ப் படம் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. வெயில் விழும் வெள்ளைச் சுவர், முன்னால் பச்சைப் புல், இறக்கத்தின் கீழே சிவப்புக் கார்.

"ஓ! இதுதானே வீடு! இத முதல்ல காட்டுறதுக்கு என்ன புள்ள?" மாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "இத நான் கொண்டு போறன். சொந்தக்காரருக்குக் காட்டணும்."

"கொண்டு போங்க மாமி," என்றாள் ஸஃப்னா. தன் வேலையை ஒருவர் ஆசையோடு கேட்டு எடுத்துப் போவது அவளுக்குப் புதிது. அவர்கள் போன பிறகும் அவள் முகத்தில் சிரிப்பு நின்றது.

மூன்று கிழமை கழித்துக் கடைக்கு ஒரு கற்பிட்டிப் பெண் பிளான் விஷயமாக வந்தாள். ஸஃப்னா யாரென்று அறிந்ததும், "உங்கட ராத்தாக்கு வீட்டோட காரும் குடுக்கிறீங்களாமே! எங்கட ஊர்ல இப்ப அதான் கதை," என்றாள். ஸஃப்னாவுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தாள். வாசலில் லாண்ட்மாஸ்டர் நின்றது. வாப்பா அதன் பெட்டியில், கையில் போனோடு, தலை குனிந்து இருந்தார்.

ரம்ஸியா மாமி பேசியிருந்தாள். கலியாண நாள் பற்றித்தான் பேசினாளாம். பேச்சோடு பேச்சாக, "கார் கலியாணத்துக்கு முன்னுக்கு வருமா, பின்னுக்கு வருமா? ஆக்கள் கேட்கிறாங்க, எனக்கு ஒரு பதில் சொல்லணுமே," என்றாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க வாப்பா?"

"பாப்பம் எண்டு சொன்னன்."

"பாப்பமா? கார் இல்ல எண்டு சொல்லியிரிக்கலாமே!"

"வாய் வரல்ல மகள்."

அந்த ஒரு 'பாப்பம்' என்ற சொல்லிலேயே கார் பாதித் தூரம் வந்துவிட்டிருந்தது.

றைஸா குசினியிலிருந்து வெளியே வந்தாள். அவள் சாதாரணமாகச் சத்தம் போடுகிறவள் அல்ல. அன்றும் போடவில்லை. "நீ என்னத்துக்கு அதப் போட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

"லாண்ட்மாஸ்டருக்குப் போட்டன் ராத்தா. அதில லாண்ட்மாஸ்டர் இல்ல."

"இல்லாட்டி வெறுமையா விட்டிருக்கலாமே. ஊராட வீட்டுக்கெல்லாம் ஒரு அங்குலம் பிசகாமக் கீறுற. எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

ஸஃப்னா அடுத்த சனிக்கிழமை காலை பெரிய பிளானைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு கற்பிட்டி பஸ் ஏறினாள். தெளிவில்லாமல் வந்த பிழை, தெளிவாகச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று அவள் நம்பினாள். அவளுடைய தொழில் அந்த நம்பிக்கையில்தான் நடந்தது.

ரம்ஸியா மாமியின் ஹோலில் கண்ணாடி அலுமாரியின் நடுக்கதவில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. பிளாஸ்ரிக் உறை போட்டு, ஓரத்தில் ஒரு பிளாஸ்ரிக் ரோசாவும் செருகியிருந்தார்கள். மாமி ஷர்பத் கொண்டு வந்து வைத்தாள். ஸஃப்னா ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

"மாமி, படத்தில இரிக்கிற கார் கம்பியூட்டர்ல வாற சாமான். அளவு விளங்கத்தான் வைக்கிறது. நாங்க வாங்குற கார் இல்ல."

"அப்ப அந்த மரம்?"

"அதுவும் கம்பியூட்டர் மரம்தான்."

"புல்லு?"

"புல்லும்தான் மாமி. அங்க மணல்தானே."

"நிலத்துக்கு டைல்ஸ் மாதிரித் தெரியுது?"

"சீமெந்துதான் போடுறம்."

மாமி சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு, அதுதான் பயமாக இருந்தது. "அப்ப இதில எது மெய், எது பொய் எண்டு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிற? வீடும் கம்பியூட்டர்லதானே இரிக்கு?"

"வீடு மெய் மாமி. இந்தப் பிளானைப் பாருங்க, ஒவ்வொரு அளவும் இரிக்கு." அவள் தாளை விரித்தாள்.

மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். இந்த முறை தாள் நேராக இருந்தது. இறக்கத்தின் மேல் விரலை வைத்தாள். "இங்க என்ன எழுதியிரிக்கு?"

பிரதேச சபைப் படிவத்தில் இருக்கும் சொல்லையே ஸஃப்னா அங்கே எழுதியிருந்தாள். "வாகனம் நிறுத்துமிடம்."

"பார்த்தியா? வாகனம் எண்டுதானே போட்டிரிக்கு."

"அது வாப்பாட லாண்ட்மாஸ்டர் மாமி."

"லாண்ட்மாஸ்டரா?" மாமி நிமிர்ந்தாள். "என்ட மகன்ட வீட்டு முகப்பில சேறு பூசின லாண்ட்மாஸ்டர் நிக்கப் போகுதா? இங்க பாரு புள்ள. அகதி ஆக்கள்ட சம்பந்தம் பேசுறியா எண்டு என்ட சொந்தத்தில எத்தனை பேர் முகத்துக்கு நேர கேட்டாங்க தெரியுமா? நான் ஒரு வார்த்தை பேசல்ல. இந்தப் படத்தத்தான் காட்டினன். எல்லாற்ற வாயும் மூடிச்சு. இப்ப நான் போய், மரம் பொய், புல்லு பொய், கார் லாண்ட்மாஸ்டர் எண்டு சொல்லிக்கொண்டு திரியவா?"

"நாங்க கார் தாறம் எண்டு சொல்லவே இல்லையே மாமி."

"நாங்களும் கேட்கல்லையே மகள்," என்றாள் மாமி மிகவும் அன்பாக. "கேட்டமா? ஒரு சதம் கேட்டமா? நீங்கதான் காட்டினீங்க. ஷர்பத்தக் குடி, சூடாகுது."

முபாரிஸ் படலை வரைக்கும் கூட வந்தான். நல்லவன்தான். வெயிலுக்குக் குடை வேணுமா என்று கேட்டான். பிறகு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்குக் கார் ஒண்டும் வேணாம்," என்றான்.

ஸஃப்னாவுக்கு உயிர் வந்தது. "அத உம்மாட்ட ஒருக்காச் சொல்லுங்க மச்சான். நீங்க சொன்னாப் போதும்."

"அது எப்படி? கைக்கூலி வேணாம் எண்டு நான் பள்ளியில வச்சுச் சொன்னவன். இப்ப போய் கார் வேணாம் எண்டா, அப்ப முதல்ல கார் பேசியிருந்தீங்களா எண்டு கேட்பாங்க. பேசாத ஒண்ட எப்படி வேணாம் எண்டு சொல்ற?"

அவன் உண்மையிலேயே யோசித்துத்தான் அதைச் சொன்னான். அதில் களவு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் வரும்போது ஸஃப்னா அந்தக் கதையைப் பல தடவை திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கத்திலும் ஒரு வாசல் தெரியவில்லை.

வீட்டில் அவள் சொன்னதை வாப்பா முழுவதும் கேட்டார். "அந்தப் புள்ள நல்ல புள்ள," என்றார். அந்தக் கிழமையே லாண்ட்மாஸ்டர் நுரைச்சோலைக்காரர் ஒருவருக்குப் போனது. வாங்கியவர் கைப்பிடியைப் பிடித்து ஒழுங்கையால் ஓட்டிப் போனபோது, வாப்பா தோட்டத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். உம்மா மட்டும் வேலியடியில் நின்று பார்த்தாள். "போகட்டும். பெட்டைக்கு நல்லது நடந்தாச் சரி," என்றாள். அத்தோடு காருக்குக் காசு சேர்ந்துவிட்டது என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். ஏனென்றால் வாப்பா அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

ஆனால் பழைய லாண்ட்மாஸ்டரைக் கொடுத்துக் கார் எடுக்க எந்த ஊரில் முடியும்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த வாப்பா தொப்பியைக் கழற்றாமலே ஸஃப்னாவின் பக்கத்தில் வந்து இருந்தார். உம்மா அயல்வீட்டில் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் வந்தார் என்பது ஸஃப்னாவுக்குப் பிறகுதான் விளங்கியது.

"அத ஒருக்காத் திற மகள்."

அவள் திறந்தாள்.

"பின்னறைய எடுத்தா எவ்வளவு கல்லு மிஞ்சும்?"

ஸஃப்னா திரையைப் பார்த்தபடி இருந்தாள். "என்ன வாப்பா சொல்றீங்க?"

"கல்லு, சீமெந்து, கூரைக்கு மரம். அத வித்து, லாண்ட்மாஸ்டர்ட காசையும் போட்டா, பழைய கார் ஒண்டு எடுக்கலாம். கதைச்சிட்டன்."

"அப்ப நீங்க எங்க இரிக்கிற? நான் எங்க இரிக்கிற?"

"கொட்டில் இரிக்கே. இருபத்து நாலு வருஷம் இருந்திட்டம். அது இன்னும் கொஞ்ச நாளைக்கு நிக்கும்."

"உம்மா?"

"உம்மாக்கு நான் சொல்றன். நீ ஒண்டும் சொல்லாத. கொஞ்சம் பொறுத்துச் சொல்றன்."

"வாப்பா, உம்மா கேட்டது அந்த அறை ஒண்டு மட்டும்தான்."

"ராத்தாக்கு இருபத்து எட்டு வயசு," என்றார் வாப்பா. அவர் குரல் கெஞ்சியது. "இன்னும் ஒருக்கா முறிஞ்சா, அந்த வீட்ட யாருக்குக் கட்டுற?"

றைஸா கொட்டிலின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. ஸஃப்னா அவளைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு சொல்லை ராத்தா சொல்வாள் என்று காத்திருந்தாள். சொன்னால் போதும், சண்டை பிடிப்பதற்கு ஆள் இரண்டாகும். றைஸா முந்தானையின் நூலைப் பிரித்துக்கொண்டே நின்றாள்.

மென்பொருளில் ஒரு அறையை எடுப்பது சின்ன வேலை. சுவரைத் தொட்டு டிலீட்டை அழுத்தினால் சுவர் போகும். சுவர் போனால் அதிலிருந்த ஜன்னல் தானாகப் போகும். கதவும் அதோடு போகும். மூன்று சுவர், ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. கடைசிச் சுவர் போனதும் கூரை தானே சுருங்கி, விளிம்பைச் சரி செய்துகொண்டது. உள்ளே இருந்த இரண்டு கட்டில்கள் மட்டும் வெட்டவெளியில், புல்லின் மேல், தலையணையோடு நின்றன. அவற்றையும் அழித்தாள். கட்டில்கள் போன பின் வீட்டின் பின்பக்கம் நேர்கோடாகி, முன்னைவிட அழகாகத் தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அப்போது றைஸா அருகில் வந்து திரைக்குக் குனிந்தாள்.

"இனிக் குசினிக்குப் பின்பக்கமும் ஜன்னல் வைக்கலாம்தானே?" என்று கேட்டாள். "முந்தி அந்த அறை மறைச்சிருந்திச்சு."

ஸஃப்னா அவளைப் பார்த்தாள். றைஸாவின் கண் சிவந்திருந்தது. ஆனாலும் கேள்வி கேள்விதான். ஸஃப்னா நான்குக்கு மூன்றரையில் ஒரு ஜன்னல் போட்டாள். அளவை எழுதினாள். வாகனம் நிறுத்துமிடம் என்ற சொற்களை ஒன்றும் செய்யவில்லை. இப்போது அது சரியாக இருந்தது.

திங்கட்கிழமை ஹுனைஸ் புதிய பிளானைப் பார்த்து, "இப்பதான் வீடு மாதிரி இரிக்கு. பின்னுக்கு ஒட்டின வால நானே வெட்டச் சொல்லணும் எண்டு இருந்தன்," என்று கையெழுத்து வைத்தார். பிரதேச சபை இரண்டு கிழமையில் முத்திரை குத்தியது.

வாப்பா உம்மாவுக்குச் சொல்லவில்லை. இன்று சொல்வார், நாளை சொல்வார் என்று ஸஃப்னா நாள் பார்த்தாள். ஒருநாள் சோறு தின்னும்போது அவர் தொண்டையைச் செருமினார். உம்மா நிமிர்ந்து பார்த்ததும், "மீனுக்கு உப்புக் கொஞ்சம் கூட," என்றார். இதற்கிடையில் உம்மா தன் துணிகளை எடுத்து வெயிலில் போட்டு, மடித்து, இரண்டு பையில் கட்டி வைத்திருந்தாள். வீடு எழும்ப ஆறு மாதமாவது ஆகும் என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.

அத்திவாரம் வெட்டும் நாளில் இன்னாசித்தம்பி பாஸ் விடியற்காலையிலேயே இரண்டு கூலியாட்களோடு வந்துவிட்டார். முப்பது வருடமாகக் கற்பிட்டிக் கரையில் வீடு கட்டுகிறவர். தாளைப் பார்த்ததும் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு புருவத்தை உயர்த்தினார்.

"ஹயாத்து நானா, இதுதான் பிளான்! மற்றவங்க தாற கடுதாசியைப் பார்த்தா, வீடா கோழிக்கூடா எண்டு நான் சாத்திரக்காரனிட்டத்தான் கேட்கணும். இதில கேட்க ஒண்டுமே இல்லை. தங்கச்சி கீறினதா?"

"ஓம்," என்றார் வாப்பா. அன்று முழுவதும் அவர் பாஸை விட்டு அகலவில்லை.

மரக் குத்திகள் இறங்கின. வெள்ளை நூல் இழுபட்டது. ஒரு மணித்தியாலத்தில் மணலின் மேல் வீடு விழுந்து கிடந்தது, தாளில் இருந்தபடியே, ஒரு அங்குலம் பிசகாமல். மின் நிலையப் பக்கமிருந்து அடித்த காற்றில் நூல்கள் விண்விண் என்று அதிர்ந்தன. பாஸ் ஒவ்வொரு மூலையிலும் நின்று அளந்து, "சரி," "இதுவும் சரி," என்று சொல்லிக்கொண்டு போனார்.

உம்மா கொட்டிலிலிருந்து முன்பக்கம் சுற்றி வந்தாள். நல்ல சாரி உடுத்திருந்தாள். பிஸ்மிச் சொல்லி வலது காலை நூலுக்கு மேலால் தூக்கி உள்ளே வைத்தாள். சின்னப் பிள்ளை போல ஒவ்வொரு நூலாகத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

"இது ஹோல்தானே?"

"ஓம் அக்கா, ஹோல்," என்றார் பாஸ்.

"இது றைஸாட அறை. இது மற்ற அறை. இது குசினி." குசினியின் நடுவில் நின்று, அடுப்பு வரும் பக்கம் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு அடுத்த நூலையும் தாண்டி, பின்பக்கத்து மணலில் போய் நின்றாள். இடமும் வலமும் பார்த்தாள். இன்னும் நாலு அடி நடந்தாள். நூல் ஒன்றும் இல்லை. கிணறும் கொட்டிலும்தான் இருந்தன.

"பாஸ், இங்கால நூல் கட்ட மறந்திட்டீங்க," என்றாள்.

"எங்க அக்கா?"

"இங்க. எங்கட அறைக்கு."

பாஸ் தாளைப் பார்த்தார். கவனமாக, விரல் வைத்து, இரண்டு முறை பார்த்தார். "இல்லையே அக்கா. பிளான்ல இங்கால ஒண்டும் இல்லை. வந்து பாருங்க, நல்ல தெளிவா இருக்கு."

வாப்பா தூரத்து மூலையில் குனிந்து, ஏற்கனவே இறுகியிருந்த ஒரு குத்தியை மண்வெட்டியின் பிடியால் அடித்துக்கொண்டிருந்தார். றைஸா கொட்டிலுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

உம்மா குசினிக்குள் திரும்பி வந்து, பாஸின் கையிலிருந்து தாளை வாங்கினாள். அதைப் பார்த்துவிட்டு, மகளிடம் நீட்டினாள். "எனக்குக் காட்டு."

ஸஃப்னா விரலை வைத்தாள். "இது குசினி உம்மா. இது குசினிச் சுவர்."

"இதுக்கு அங்கால?"

"அங்கால ஒண்டும் இல்ல."

"அண்டைக்கு இருந்திச்சே. நீ சுத்திக் காட்டின. நான் தொட்டனே."

"எடுத்தாச்சு உம்மா. காருக்காக."

உம்மா வாப்பாவைப் பார்க்கவில்லை. கொட்டிலையும் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், வாசிக்கத் தெரிந்தவள் போல. "யாரு எடுத்த?" என்று கேட்டாள்.

வாப்பா சொல்லித்தான் என்று ஸஃப்னா சொல்லியிருக்கலாம். மாமி சொல்லித்தான், ஊர் சொல்லித்தான் என்றும் சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மைதான்.

"நான்தான் உம்மா," என்றாள்.

ஷம்லா தாளை நாலாக மடித்து பாஸிடம் கொடுத்தாள். "ஆக்கள் வெயில்ல நிக்கிறாங்க. தேத்தண்ணி ஊத்துறன்," என்றாள். கொட்டில் பின்பக்கம்தான் இருந்தது. குசினி நூலை ஒருமுறை தாண்டியிருந்தால் முப்பதடியில் போயிருக்கலாம். அவள் தாண்டவில்லை. குசினிக் கதவுக்காகப் பாஸ் விட்டிருந்த இடைவெளியால் ஹோலுக்குப் போய், ஹோலைக் குறுக்கே நடந்து, முன்வாசல் என்று குறித்திருந்த இரண்டு குத்திகளுக்கும் நடுவால், சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள், பிறத்தியார் வீட்டுக்கு வந்தவள் போகிற மாதிரி.